அக்கா பள்ளம்

“இதுல இரும்பு எங்க மாமா இருக்கு? டீத்தூள்தான் கொட்டுது.”

“குத்தினா கொட்டத்தான் செய்யும். மெதுவாத் தட்டிப் பாரு மாப்ள.”

“மெதுவாத்தான் தட்டினேன். ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. வேணும்னா விரல விட்டுப் பாருங்க.”

“வேண்டாம், நம்பறேன். அந்தப் பக்கம் எப்படி?”

“அது பரவாயில்ல, தேய்ச்சா போதும். இந்தப் பக்கம்தான் மொத்தமும் போச்சு. அறுத்து எடுத்துட்டுப் புதுத் தகரம் வச்சு வெல்டு அடிக்கணும்.”

“போகாம என்ன பண்ணும்? இந்தப் பக்கம்தானே உங்கக்கா பள்ளத்துல இறக்கினது.”

தம்பி சுத்தியலை எடுத்து, தட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லாத ஓர் இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.

அவனுக்கு நாற்பத்தேழு வயது. காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் அந்தத் தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவன் தம்பிதான். அக்கா வந்து போகும்போதெல்லாம் வாசலில் நின்று “தம்பி” என்று கூப்பிட்டதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெயர்ப்பலகையிலேயே ‘தம்பி டிங்கரிங் பட்டறை’ என்று எழுதிவிட்டான். நசுங்கின காரை நிமிர்த்துவது, துருப்பிடித்த இடத்தை வெட்டி ஒட்டுவது, வர்ணம் பூசுவது எல்லாம் அங்கே நடக்கும். வேலை முடிந்து போகும் வண்டியில் ஒட்டுப்போட்ட இடம் எது என்று கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அக்காவின் கணவர். முப்பத்தாறு வருடம் சர்வேயராக இருந்து, ஊரார் நிலத்தையெல்லாம் அளந்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றவர். இப்போது அளக்க ஒன்றும் இல்லாததால் தினமும் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது தவளை. உருண்டைக் கண்களும் இளம்பச்சை நிறமும் கொண்ட சின்னக் கார். அக்கா கல்யாணத்துக்கு முன்பே மாமா வாங்கிவிட்டார். பெயர் வைத்தது அக்கா. பதினான்கு வருடம் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் தார்ப்பாய்க்குள் கிடந்து, போன வாரம்தான் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. எஞ்சினை ஒரு மெக்கானிக் உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டார். மிச்சமிருந்தது உடம்பு.

மாமாவின் கண்ணில் அழுத்தம் இருக்கிறது, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே தவளையைக் கொடுத்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். பழைய கார்களைச் சேர்த்துக் கொட்டகை கட்டி வைத்திருக்கும் ஒரு மனிதர் சனிக்கிழமை வந்து ஓட்டிப் பார்த்து எடுத்துப் போவதாகப் பேச்சு. ஓட்டை உடைசலோடு அனுப்ப மாமாவுக்கு மனம் வரவில்லை.

பக்கத்து லேத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வேடிக்கை பார்க்க வந்தார்.

“எது சார் அந்தப் பள்ளம்?” என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

மாமா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“நான் அப்போ மலைப்பக்கம் மூணு வாரம் கேம்ப். வீட்டுல வண்டியும் இவளும். சரியான மழை. ரோடு எது, வாய்க்கா எதுன்னு தெரியல. எதிர்ல ஒரு சைக்கிள்காரன், தலையில கோணிய மாட்டிக்கிட்டு. அவனுக்கு ஒதுங்கலாம்னு இவ ஓரம் கட்டினா, அங்க ஏழு வாத்து.”

“எட்டுன்னு அக்கா சொல்லுவா,” என்றான் தம்பி, காருக்கு அடியிலிருந்து.

“எட்டே இருக்கட்டும். வாத்துக்கு வழி விட்டா. தவளை தண்ணியப் பாத்ததும் தாவிடுச்சு. நான் திரும்பி வந்து பாத்தா கதவு சாத்த மாட்டேங்குது. இடுப்பால முட்டுக் குடுத்துத் தூக்கிச் சாத்தணும். அன்னையிலேருந்து அந்த இடத்துக்கு எங்க வீட்டுல அக்கா பள்ளம்னு பேரு. பஸ்ல போனாக்கூட ஜன்னல் வழியாக் காட்டுவேன்.”

லேத்துக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். மாமாவுக்கு உற்சாகம் கூடிவிட்டது.

“இதுல கூத்து என்னன்னா, போன வாரம் என்கிட்ட மெதுவா வந்து, ‘வண்டியக் குடுக்க வேண்டாங்க, நான் ஓட்டறேனே’ங்கறா. ஐம்பத்து நாலு வயசுல. பள்ளத்தையெல்லாம் மூடிட்டாங்கன்னு தைரியம் போல.”

தம்பி காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். துருத் தூள் நெற்றியில் விழுந்தது. அக்கா கேட்டாள் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. அவள் எதையும் கேட்கிறவள் இல்லை.

கதைக்கு முதலில் மழை மட்டும்தான் இருந்தது. சைக்கிள்காரன் ஐந்தாறு வருடம் கழித்து வந்தான். வாத்துகள் அதற்கும் பிறகு. விருந்தாளி யார் வந்தாலும் மாமா ஆரம்பிப்பார், அக்கா சமையலறையிலிருந்தே எண்ணிக்கையைத் திருத்துவாள், வீடே சிரிக்கும். தம்பியும் சிரிப்பான். பள்ளம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அந்த வீட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தத் துருவின் வாசனைக்கு அவனை இருபத்தேழு வருடம் பின்னால் கொண்டுபோகத் தெரிந்திருந்தது.

அப்போது அவனுக்கு இருபது. அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டில்தான் இருந்தான். கல்லூரி ஒத்துவரவில்லை. மாமாதான் தெரிந்த ஒரு பட்டறை முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னது பக்கத்து அறைக்குக் கேட்டது: “இவன் கைக்கு இரும்பு வசப்படாது. ஆறு மாசம் பாப்போம். இல்லன்னா என் ஆபீஸ்லயே எடுபிடி வேலைக்குச் சொல்லி வைக்கிறேன்.”

காலையில் அக்காதான் அவனைத் தவளையில் கொண்டு விடுவாள். முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சும்மா தொட்டுக்கொண்டிருப்பது மாதிரி ஓட்டுவாள். கியர் மாற்றுவது வெளியே கேட்காது. பாட்டு முணுமுணுப்பாள், வரிகள் மறந்த இடத்தில் கடைப் பலகைகளைப் படித்து இட்டு நிரப்புவாள். ‘நல்லெண்ணெய் மொத்த வியாபாரம்’ என்பதை அவள் ராகம் போட்டு இழுத்தது அவனுக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. காலை வெயில் கண்ணாடி வழியாக அவள் மடியில் விழும். வாழ்க்கை முழுக்க இப்படியே ஒரு காரின் முன் சீட்டில் போய்க்கொண்டே இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

மாமா மலைக்குப் போயிருந்தபோதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் நீளமாக ஓடும் தகரப் பெட்டி ஒன்று உண்டு. அவன் முதலாளி அதை அடிப்பட்டை என்பார். காரின் முதுகெலும்பு அதுதான். தவளைக்கு அதில் லேசாகத் துரு. மாமா திரும்பி வருவதற்குள் தானே மாற்றி வைத்து அவரை அசத்திவிடலாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து கேஸ் சிலிண்டரை இரவல் வாங்கி வந்தான்.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று கட்டை கொடுத்துக் காரைத் தூக்கினான். கதவைக் கழற்றினான். பழைய அடிப்பட்டையை ஒரே மூச்சில் அறுத்து எடுத்தான். முதுகெலும்பை எடுப்பதற்கு முன்னால் கதவு இருந்த இடைவெளியில் குறுக்கே ஒரு பைப்பை வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு முனையும் கட்டையில் நிற்க, நடுவில் கார் தன் கனத்தாலேயே தொய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத தொய்வு. அந்தத் தொய்வோடு சேர்த்தே புதுத் தகரத்தை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் வெல்டு இழுத்தான். வேர்வையில் கண் எரிந்தது. கலைஞன் என்று தன்னை நினைத்துக்கொண்டான்.

கதவை மாட்டினான். கதவு பூட்டைச் சந்திக்கவில்லை. பூட்டு மேலே நின்றது, கதவின் நாக்கு கீழே தொங்கியது.

இருபது வயதுப் பையன் வாசலில் குந்தி அழுவதை அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து கதவை இடுப்பால் தூக்கித் தள்ளினாள். அது பூட்டிக்கொண்டது.

“சாத்துது பாரு,” என்றாள். “மூஞ்சியக் கழுவு. மத்தத நான் பாத்துக்கறேன்.”

மாமா வந்ததும் அவள் சொன்னது ஒரே வரி: “பள்ளத்துல விட்டுட்டேங்க.” எந்தப் பள்ளம் என்று அவர் கேட்டார். மறுநாள் கூட்டிப்போய்ச் சாலையோரம் கண்ணில் பட்ட முதல் பள்ளத்தைக் காட்டினாள். அவர் திட்டவில்லை. கொஞ்ச நாள் நான் எடுக்கிறேன், நீ பக்கத்தில் உட்கார் என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. தம்பிக்கு ஆறு மாதம் கழிந்தது, ஒரு வருடம் கழிந்தது, கைக்கு இரும்பு வசப்பட்டது. பட்டறை வந்தது. “என் மச்சினன் கை வச்சா வண்டிக்கே அடிபட்டது மறந்துடும்,” என்று மாமாவே ஊரெல்லாம் சொன்னார். மறுபடி ஓட்ட வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை, ஆகவே அவளுக்கு வேண்டியதில்லை போல என்று தம்பி வசதியாக நினைத்துக்கொண்டான்.

மதியம் அக்கா டிபன் கேரியரோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாமா கை கழுவப் பின்பக்கம் போன நேரம் பார்த்து, சேலையைச் செருகிக்கொண்டு காரின் பக்கத்தில் குனிந்தாள். தம்பி வெளித்தகட்டை நீளமாக வெட்டி எடுத்திருந்தான்.

“திறந்துட்டியா?”

“ம். உள்ள என் வெல்டிங் அப்படியே இருக்கு. மண்புழு ஊர்ந்த மாதிரி.”

அவள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. “அழகாத்தான்டா இருக்கு.”

“அக்கா, இத இப்படியே விட்டு மேல தகரம் மூடிட்டா கதவு எப்பவும் போல தொங்கும். யாருக்கும் தெரியாது. நேராக்கணும்னா நடுவுல ஜாக்கி குடுத்து வண்டிய நிமித்தணும். மாமா பக்கத்துலயே உக்காந்திருக்காரு. எதுக்குன்னு கேப்பாரு.”

“கேட்டாப் பள்ளம்னு சொல்லு.”

“பள்ளத்துல விழுந்த வண்டிக்கு அடிவயித்துல ஒரு கீறலாவது இருக்கணும். மொழுமொழுன்னு இருக்கு.”

“அவரு கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.”

தம்பி கையுறையைக் கழற்றினான். “ஓட்டறேன்னு கேட்டியாமே.”

“அதுக்குள்ள இங்க வந்து சொல்லியாச்சா.” அவள் கேரியரின் தட்டுகளைப் பிரித்து வைத்தாள். “சும்மா கேட்டேன்டா. கனவுல ஓட்டறேன். மூஞ்சி எல்லாம் மறந்து போவுது, போன மாசம் வந்தவங்க பேரு மறந்து போவுது. கிளட்ச் மட்டும் கால்ல அப்படியே இருக்கு. எந்திரிச்சுப் பாத்தாப் போர்வைய மிதிச்சுட்டு இருக்கேன்.”

“நான் சொல்லிடட்டுமா?”

“சோறு ஆறுது. கையக் கழுவிட்டு வா.”

மறுநாள் காலை மாமாவுக்குப் பொழுது போகவில்லை. லேத்துக்காரருக்கும் வேலை இருந்தது. சட்டைப் பையிலிருந்து தன் பழைய இரும்பு டேப்பை எடுத்தார். ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு வீட்டுக்குக் கொண்டு வந்தது அது ஒன்றுதான்.

“மாப்ள, வாடா இங்க. சும்மாதானே நிக்கிறேன், கதவு வாய அளப்போம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணுமில்ல? நான் பிடிக்கிறேன், நீ எண்ணப் படி. எனக்கு எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது.”

தம்பி கிரைண்டரை அணைத்தான். அந்தச் சத்தம் நின்றதும் பட்டறை பெரிதாகிவிட்டது போல இருந்தது.

நல்ல பக்கத்தில், ஜன்னல் மட்டத்தில், முன் தூணிலிருந்து பின் தூணுக்கு மாமா டேப்பை இழுத்துப் பிடித்தார். தம்பி எண்ணைப் படித்தான். பிறகு இருவரும் காரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார்கள். அதே உயரம், அதே இழுப்பு. மாமாவின் கட்டைவிரல் முப்பத்தாறு வருடப் பழக்கத்தில் அசையாமல் நின்றது.

தம்பி பார்த்தான். மூன்று நூல் குறைவு. நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூன்று நூல் என்றால் ஒரு சுண்டுவிரல் பருமன் கூட இல்லை.

“என்ன மாப்ள, படி.”

முதலில் சொன்ன எண்ணையே சொல்லிவிடலாம். மாமா டேப்பைச் சுருட்டிக்கொண்டு நாற்காலிக்குப் போய்விடுவார். சனிக்கிழமை வண்டி போய்விடும். வாத்துகள் எட்டாகவே இருக்கும். மாமாவுக்கு ஆள் சொன்ன அளவை நம்பித்தான் பழக்கம். வயலின் மறுமுனையில் நின்று உதவியாள் கத்துகிற எண்ணை அவர் இதுவரை சந்தேகப்பட்டதில்லை.

“மூணு நூல் கம்மி மாமா.”

“சரியாப் படி.”

“சரியாத்தான் படிச்சேன். மூணு நூல்.”

மாமா டேப்பை விட்டார். அது சுருண்டு ஓடி அவர் கைக்குள் புகுந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அடியில் உள்ளங்கையை வைத்து முன்னிருந்து பின்னாகத் தடவிக்கொண்டே போனார். கண் தெரியாதபோது கை நிதானமாகப் பார்க்கிறது. ஒரு நசுங்கல் இல்லை, ஒரு மேடு இல்லை.

“விழுந்து வளைஞ்சா அடியில கல்லு கிழிச்சிருக்கும்,” என்றார், யாரிடமோ பேசுவது போல. “இது தொய்வு. சங்கிலிய ரெண்டு ஆளு ரெண்டு முனையில பிடிச்சா நடுவுல தொங்குமே, அந்தத் தொய்வு. இத யாரோ ரெண்டு பக்கமும் கட்டை குடுத்துத் தொங்கவிட்டு ஒட்டியிருக்கான்.”

“நான்தான் மாமா.”

அவர் குனிந்த நிலையிலேயே தலையைத் திருப்பினார்.

தம்பி சொன்னான். சிலிண்டர் இரவல் வாங்கியது, கட்டை கொடுத்தது, தாங்கல் வைக்காதது, அழுதது. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. அவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது அது.

“அப்போ பள்ளம்?”

“பள்ளம் இல்ல மாமா.”

“மழை?”

“அன்னைக்கு நல்ல வெயில்.”

மாமா எழுந்து நின்றார். முட்டி சொடுக்கியது. “வாத்தும் இல்லியா?” என்றார் மெதுவாக.

“இல்ல மாமா.”

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் தன் உள்ளங்கையில் ஒட்டிய துருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை பேரு வரப்ப அளந்திருக்கேன்,” என்றார். “அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டுச் சாக இருந்தானுங்க, அங்க எல்லாம் போயி அளந்து குடுத்திருக்கேன். என் வாசல்ல நின்ன வண்டிய நான் அளக்கல.”

பிறகு எழுந்து, செருப்பை மாட்டி, போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனார்.

இரண்டு நாள் அவர் வரவில்லை. காலி நாற்காலியைப் பார்க்கப் பிடிக்காமல் தம்பி அதை உள்ளே எடுத்துப் போட்டான். வேலை மட்டும் பேசாமல் கூடவே இருந்தது.

கதவைக் கழற்றி வைத்துவிட்டு, ஜாக்கியை நடுவில் கொடுத்துச் சுண்டுவிரலால் திருகுவது போலத் திருகினான். ஒரு நூல் ஏறியது. எழுந்து போய் அளந்தான். இன்னொரு நூல். எங்கோ உள்ளே தகரம் முனகியது. மூன்றாவது நூலும் ஏறியபோது கதவு வாயின் குறுக்கே பைப்பை வைத்துத் தாங்கல் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் இருபது வயதில் தான் இழுத்த வெல்டை அறுத்தான். அது வெளியே வந்து தரையில் விழுந்தபோது எடுத்துப் பார்த்தான். கோணல்மாணலாக இருந்தது, ஆனால் ஓர் இடத்தில் கூட விட்டுப்போகவில்லை. பயந்த பையன் அவ்வளவு அழுத்தமாக ஒட்டியிருக்கிறான்.

புதுத் தகரத்தை மடக்கி, வளைத்து, பொருத்தினான். இப்போது நிற்காமல் இழுப்பதில்லை. இங்கே ஒரு பொட்டு, அங்கே எட்டிப் போய் ஒரு பொட்டு, நடுவில் ஒன்று. சூடு ஓர் இடத்தில் சேர்ந்தால் தகரம் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பொட்டுக்கும் ஈரத்துணியை வைத்து ஒற்றி ஆறவிட்டான். பொட்டுகள் ஒன்றையொன்று தொட ஒரு பகல் முழுக்க ஆனது. கிரைண்டர் போட்டு, பிரைமர் அடித்து, தாங்கலை எடுத்துவிட்டு, கதவை மாட்டினான்.

ஒரு விரலால் தள்ளினான். ‘டக்’ என்றது. அவ்வளவுதான். திறந்தான், மறுபடி தள்ளினான். லேத்துக்காரர் வந்து, “எத்தனை தடவ தம்பி சாத்துவ?” என்று கேட்கும் வரைக்கும் அவன் எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அக்கா வந்தாள். கையில் கேரியர் இல்லை. அதைப் பார்த்ததுமே தம்பி பிரைமர் டப்பாவைக் கீழே வைத்தான்.

“சொல்லிட்டல்ல?”

“மாமா சொன்னாரா?”

“அவரு எங்க சொன்னாரு? ரெண்டு நாளா வீட்ட அளந்துட்டிருக்காரு. கதவு, ஜன்னல், கட்டில், என் தையல் மிஷின். என்னைக் கூப்பிட்டு அளவப் படிங்கறாரு. நேத்து சாயங்காலம் ஜன்னல்ல டேப்பப் பிடிச்சுக்கிட்டே கேட்டாரு, எட்டு வாத்துன்னு ஏன் சொன்னேன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“ஏழுன்னு ஆரம்பிச்சது நீங்கதானேன்னேன்.”

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அதை விழுங்கினான்.

“அது என்னோடதுடா,” என்றாள். “உன்னப் பத்தி அவரு நாலு பேருகிட்ட அளக்கறப்போ எல்லாம் உள்ளுக்குள்ள எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இவருக்குத் தெரியாம ஒருத்தன நான் ஆளாக்கி விட்டிருக்கேன்னு. வேற என்ன இருந்துச்சு என்கிட்ட, இவருக்குத் தெரியாம? அதையும் மூணு நூலுன்னு அளந்து குடுத்துட்ட.”

“நீ மறுபடி ஓட்டணும்னுதான்க்கா.”

“இருபத்தேழு வருஷம் கழிச்சு.”

தம்பி பிரைமர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினான். மூடியிருந்ததையே மறுபடி மூடினான்.

அக்கா காரின் பக்கம் போனாள். பச்சைக்கு நடுவில் சாம்பல் நிறப் பட்டை, இன்னும் முழுசாகக் காயவில்லை. தொடாமல், அதற்கு ஓர் அங்குலம் மேலே கையை ஓட்டினாள்.

“வேலை நல்லா இருக்கு,” என்றாள். அவனைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அப்போது மாமா உள்ளே வந்தார். ஆபீசுக்குப் போகிற காலத்தில் போட்ட, இஸ்திரி போட்ட சட்டை. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்ததில் முதுகு நனைந்திருந்தது. அக்கா அங்கே இருப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியவில்லை. அவளைப் பார்த்து, தம்பியைப் பார்த்து, கடைசியில் காரைப் பார்த்தார். அதுதான் சுலபமாக இருந்தது போலும்.

“முடிஞ்சுதா மாப்ள?”

மாப்ள என்றார். எப்போதும் போல.

“பெயின்ட்தான் மாமா பாக்கி. ஓட்டலாம்.”

“வெளிய எடு.”

தம்பி தவளையைப் பின்னுக்கு எடுத்துத் தெருவில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கினான். தெரு அந்த நேரத்துக்கே உரிய மஞ்சள் வெயிலில் இருந்தது. எதிர்க்கடைக்காரர் படிக்கட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சீராக, கொஞ்சம் கரகரப்பாக முனகியது.

“நாளைக்கு அந்த ஆளு எத்தனை மணிக்கு மாமா வர்றாரு?”

“போன் பண்றேன்னு சொல்லியிருக்கேன். இன்னும் பண்ணல.”

மாமா வழக்கம் போல ஓட்டுநர் பக்கம்தான் போனார். கதவின் பிடியைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, காரின் மூக்கைச் சுற்றி, மெதுவாக மறுபக்கம் வந்தார். புதுத் தகரம் போட்ட பக்கம். கதவைத் திறந்து, தலையை எவ்வளவு குனிய வேண்டும் என்று தெரியாமல் இடித்துக்கொண்டு, உட்கார்ந்தார். அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்து தம்பி பார்த்ததே இல்லை. முட்டி முன்பலகையில் முட்டியது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை; மடியில் வைத்தார், எடுத்தார், ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஸ்டியரிங் அவருக்கு எட்டாத தூரத்தில் தானாக லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

அக்கா பட்டறை வாசலிலேயே நின்றாள். சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். செருப்புக்குள் அவளுடைய இடது கால் ஒரு முறை அழுந்தி எழுந்ததைத் தம்பி மட்டும் பார்த்தான்.

“ஏம்மா,” என்றார் மாமா. அவர் நேரே முன்கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினார். “எனக்கு ரோடு சரியாத் தெரியல. எது மேடு, எது பள்ளம்னு சொல்ற நிலைமையில நான் இல்ல. அதனால ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” தொண்டையைச் செருமினார். “உன்னால முடிஞ்சா... இல்ல, உனக்கு இஷ்டம் இருந்தா, என்னக் கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போறியா?”